இது உங்கள் வீடு

மெத்லாபா ஊர்
1604, மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள்

மெக்சிகோ நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருக்கும் என் அன்புத் தம்பி பல்தசாருக்கு,

நம் ஆண்டவரும் தேவமாதாவும் உன்னையும் உன் மனைவியையும் பெண் குழந்தைகளையும் காப்பாற்றட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னேன். கடிதம் எழுதுகிற எஸ்தேவான் சிரிக்கிறான். அதனால் உயிரோடு இருக்கிறோம் என்று வைத்துக்கொள்.

ஒன்பது வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஈஸ்டருக்கு வருகிறேன் என்கிறாய். எந்த ஈஸ்டர் என்று மட்டும் ஒரு கடிதத்திலும் இல்லை. ஐந்து நாள் நடை உனக்குக் கடல் கடந்த நாடாகிவிட்டது.

தோன் லோப்பேயின் மாடுகள் இந்த வருஷமும் சோளத்தில் இறங்கிவிட்டன. போய்க் கேட்டால், "வேலி போட்டுக்கோங்க" என்கிறான் அந்த ஸ்பானியன். மாடு அவனுடையது, வேலி மட்டும் எங்களுடையதாம். இப்போது புதிதாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். சாயங்காலம் குதிரையில் வந்து, நம் அப்பாவின் நிலத்தில் இருக்கிற ஊற்றைப் பெண் பார்க்க வந்தவன் மாதிரிப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஊருக்கே தண்ணீர் அதுதான் என்பது அவனுக்கும் தெரியும். அந்த நிலத்தில் பாதி உன் பங்கு. நீ மடத்துப் பள்ளிக்குப் போகும் முன் நட்ட கற்றாழைகளின் குட்டிகள் இன்று ஆள் உயரம் நிற்கின்றன. கற்றாழையில் கள் இறக்கும்போதெல்லாம் உன் பங்கை முதலில் மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் நான் குடிக்கிறேன். நீ வந்து வாங்கிக்கொள்ளும்வரை காவல் காக்கிறேன், வேறென்ன.

போன ஞாயிறு, கீழே பள்ளத்தாக்கில் சான் லூக்காஸில் தமுக்கடித்தார்கள். கொள்ளைநோயில் ஆள் குறைந்த மலையூர்களையெல்லாம் காலி செய்து கீழே பெரிய ஊர்களில் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறார்களாம். கூரையைப் பிரித்து, மரங்களை வெட்டி, நெருப்பும் வைத்துவிடுவார்களாம், யாரும் திரும்பிப் போகக்கூடாது என்பதற்காக. ஒரு நீதிபதி வருகிறாராம். நீ நீதிமன்றத்திலேயே இருக்கிறாய். இது நிஜமா, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உன் அக்கா
மென்சியா

(கோயில் பாடகன் எஸ்தேவான் வணங்கி எழுதுவது: திட்டுகளில் பாதியை நான் எழுதவில்லை.)

---

மெக்சிகோ நகர்
சாம்பல் புதன்

என் தாய்க்குச் சமமான அக்காவுக்கு,

உன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். தமுக்கடித்தது நிஜம். நல்ல சேதியும் ஒன்று உண்டு. அந்த நீதிபதியோடு துபாஷியாக நானே வருகிறேன். கேட்டு வாங்கினேன்.

ஆனால் நான் மெத்லாபாக்காரன் என்பது அவருக்குத் தெரியாது. சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குத் துபாஷியாகப் போகக்கூடாது என்பது சட்டம். தெரிந்தால் என்னை விலக்கிவிடுவார்கள். பிறகு மிஞ்சுவது கூட வரும் இன்னொரு துபாஷி ரோபிளெஸ் மட்டும். அவன் தாய் நம்மவள், தகப்பன் ஸ்பானியன், சாப்பாடு தோன் லோப்பேயின் வீட்டில். ஆகவே ஊர் முழுக்கச் சொல்லி வை. யாருக்கும் என்னைத் தெரியாது. நீயும் என்னைத் தம்பி என்று கூப்பிடாதே. துபாஷி ஐயா என்றால் போதும்.

அடுத்ததை எஸ்தேவான் இரண்டு முறை படித்துக் காட்டட்டும். மன்னரின் உத்தரவில், ஊர் மாறினாலும் நிலம் உங்களுடையதே என்று இருக்கிறது. நீங்களாக மனமுவந்து கொடுத்தால் மட்டும் அது போய்விடும். நிலத்தில் பிடிப்போடு நிற்கிற ஊர்களை இந்த நீதிபதி அப்படியே விட்டும் இருக்கிறார், இரண்டு ஊர்களை நானே பார்த்தேன்.

போன மாதம் வேறொரு மலையூருக்குப் போனோம். பெரியவர் ஒருவர் பூங்கொத்தோடு வந்து, நாம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "களைச்சுப் போய் வந்திருக்கீங்க. இது உங்க வீடு, உங்க மண்ணு. நீங்க வர்ற வரைக்கும் நாங்க சும்மா காவல் காத்தோம், அவ்வளவுதான். உங்க பாய்ல வந்து உக்காருங்க." நம்மில் யார் வீட்டுக்கு யார் போனாலும் சொல்வதுதானே? ரோபிளெஸ் அதை ஒரு சொல் விடாமல் ஸ்பானிய மொழியில் சொன்னான். எழுத்தர் எழுதினார். நிலத்தை மனமுவந்து ஒப்படைத்தார்கள் என்று ஆகிவிட்டது. மதியச் சாப்பாடு முடியும்முன் ஊர் போய்விட்டது. அந்தப் பெரியவர் கடைசிவரை வான்கோழிக் கறி பரிமாறிக்கொண்டிருந்தார், அக்கா.

நம் ஊரில் வரவேற்பது தோமாஸ் மாமா. அவர் ஆரம்பித்தால் சூரியன் சாய்ந்துவிடும். அவர் அந்தப் பேச்சைப் பேசவே கூடாது. "இது எங்கள் நிலம், நாங்கள் போகமாட்டோம்" என்று இரண்டே வாக்கியம். பூ வேண்டாம், சாப்பாடு வேண்டாம், பாய் வேண்டாம்.

உன் தம்பி
பல்தசார்

---

மெத்லாபா
தவக்காலம், இரண்டாம் வாரம்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கோயில் வாசலில் படிக்கச் சொன்னேன். படிக்காமலே இருந்திருக்கலாம். தோமாஸ் மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"வாசலுக்கு வந்தவனைப் பாத்து 'எதுக்கு வந்தே'ன்னு கேக்கச் சொல்றானா உன் தம்பி? நாயி குரைக்கும் அப்படி. கள்ளு குடிச்சவன் கேப்பான் அப்படி. நான் கேக்கமாட்டேன்."

"மாமா, அவங்களுக்கு நம்ம மரியாதை புரியலயாம். நெசமாவே குடுத்துட்டோம்னு எழுதிக்கிறாங்களாம்."

"'உன் வீடு'ன்னு சொன்னா வீட்டையே எடுத்துக்குவானா? அப்படி ஒரு மனுசன் இருக்க முடியுமா?"

எஸ்தேவான்தான் மெதுவாக, "தோன் லோப்பே இருக்கான்ல?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்து, சோளக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். தன் அப்பா சொர்க்கத்தில் இதைக் கேட்டால் முகத்தை மூடிக்கொள்வார் என்றார். பிறகு அந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிக் காட்டினார். "இது எங்க நெலம். நாங்க போகமாட்டோம்." சொல்லும்போது கால் நடுங்குகிறது அவருக்கு. கெட்ட வார்த்தை பேசக் கற்றுக்கொள்கிற சாமியார் போல இருந்தது. தினமும் என் வீட்டுக் கொல்லையில் நின்று பழகுகிறார். கோழிகள் கேட்கின்றன.

உன்னைத் தெரியாதது போல் நடிக்க எல்லோரும் தயார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. நீ என் இடுப்பை விட்டு இறங்காத வயதில் அப்பாவும் அம்மாவும் கொள்ளைநோயில் போனார்கள். உன்னைப் பார்த்து யாரோ என்று நிற்க என் கண்ணுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

ஒன்று மட்டும் தைரியம். எங்கள் வாயில் என்ன வந்தாலும் அது உன் வாய் வழியாகத்தானே அங்கே போகும். நடுவில் நீ நிற்கிறாய்.

உன் அக்கா
மென்சியா

---

சான் லூக்காஸ்
தவக்காலம், நான்காம் வாரம், செவ்வாய்

அக்கா,

நாளை வருகிறோம். உன் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. நடுவில் நான் நிற்கிறேன் என்று நம்பி எதையும் சொல்லிவிடாதீர்கள். கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறேன். மாற்றிச் சொன்னால் சாட்டையடி, அப்புறம் நாடு கடத்தல். ரோபிளெஸ் என் தோளை ஒட்டியே நிற்பான். நான் ஒரு சொல்லை விழுங்கினாலும் அவன் எடுத்துக் கொடுப்பான்.

தயவுசெய்து எனக்கு நல்ல வாக்கியங்களை மட்டும் கொடுங்கள். நீ வீட்டுக்குள்ளேயே இரு. இதை எரித்துவிடு.

பல்தசார்

---

மெத்லாபா
அதே வாரம், சனி

தம்பி,

நீயும் அங்கேதான் நின்றாய். ஆனால் தலையைத் தூக்கவே இல்லை. அதனால் நீ பார்க்காததை எழுதுகிறேன்.

தோமாஸ் மாமா ஜெயித்தார். ஐம்பது வருஷமாக வந்தவருக்கெல்லாம் பூக்கொடுத்த மனிதர், கையை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, "இது எங்க நெலம். நாங்க போகமாட்டோம்" என்றார். நீ சொன்னாய். நீதிபதி தலையாட்டினார். கூட வந்திருந்த தோன் லோப்பே உதட்டைக் கடித்தான். நீதிபதி கோவேறு கழுதையைத் திருப்பவும் திருப்பிவிட்டார். ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புகிறோமே என்று ஊர் மொத்தமும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் முடிந்துவிட்டது, தம்பி. ஊர் நம்மிடம் நின்றுவிட்டது.

நான் ஊற்றுக்குப் பக்கத்தில் நம் வீட்டுக்குள்தான் இருந்தேன். கதவிடுக்கில் பார்த்தேன். நீ நொண்டுகிறாய். செருப்பு வார் அறுந்து கால் விரலில் ரத்தம். தலை இவ்வளவு நரைத்துவிட்டது என்று நீ ஏன் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை? கை தானாகத் தண்ணீரை மொண்டது. கால் தானாக வெளியே வந்தது. தம்பி என்று கூப்பிடக்கூடாது, பேர் சொல்லக்கூடாது என்பதை மட்டும் நெஞ்சில் பிடித்துக்கொண்டு வந்தேன். உன்னிடம் நேராக வந்து குவளையை நீட்டினேன்.

"களைச்சுப் போய் வந்திருக்கீங்க ஐயா. இது உங்க வீடு, உங்க மண்ணு. நீங்க வர்ற வரைக்கும் நான் காவல் காத்தேன், அவ்வளவுதான். உக்காருங்க."

உன் பங்கு நிலத்தில் நின்று உன்னிடம் சொன்னேன். ஒன்பது வருஷமாகச் சொல்லக் காத்திருந்தது அது. மாமாவுக்குத்தானே பேச்சை அடக்கப் பழக்கினேன், என் வாயை மறந்துவிட்டேன். உன் பக்கத்தில் தோன் லோப்பே நின்றான் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ரோபிளெஸ் சிரித்தான். "ஊற்று நிலத்துக்காரி என்ன சொல்றா? சொல்லுங்க துபாஷி, எழுத்தர் காத்திருக்கார்." நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய்? மாமா செத்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு நீ குனிந்து, ஸ்பானிய மொழியில் பேசினாய். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் தோன் லோப்பேயின் முகம் மலர்ந்தது தெரிந்தது. நான் அவனிடம் சொன்னதாக எழுதி ஊற்று அவனுக்குப் போய்விட்டது என்றும், தண்ணீர் இல்லாத ஊர் கீழே இறங்கத்தான் வேண்டும் என்றும் எஸ்தேவான் சொன்ன பிறகுதான், நீ என்ன சொன்னாய் என்று புரிந்தது. நீ தண்ணீரையும் குடிக்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. பயந்துவிட்டாய். பிழை என் வாயில்தான். ஆனால் நீதிபதி புனித வாரம் வரை சான் லூக்காஸில்தான் இருப்பாராம், கிளம்பும்போதுதான் கையெழுத்தாம். நீ அவரிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல். "அவள் என் அக்கா, அதை என்னிடம் சொன்னாள்." அவ்வளவுதான். உன் வேலை போகும், தெரியும். அடிப்பார்கள், அதுவும் தெரியும். அடிபட்ட முதுகுக்கு மருந்து போட நான் இருக்கிறேன். உன் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. நிலம் இருக்கிறது.

என் உயிரே, சீக்கிரம் போ.

உன் அக்கா
மென்சியா

---

மெக்சிகோ நகர்
ஈஸ்டர் திங்கள்

என் அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உனக்கு ஆறுதல் தரட்டும்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதம் வந்தபோது கையெழுத்து ஆகவில்லை. குருத்து ஞாயிறு மாலை நீதிபதியின் கதவுவரை போனேன். உள்ளே அவர் சீட்டாடிக்கொண்டிருந்தார். வேலைக்காரன், "என்ன விஷயம் துபாஷி?" என்று கேட்டான். நாளைக்கு எத்தனை கழுதைகள் வேண்டும் என்று கேட்க வந்தேன் என்றேன். மறுநாளும் போனேன். புதன்கிழமை கையெழுத்தாகிவிட்டது.

நிதானமாக யோசித்துப் பார். நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சட்டத்தை மீறியவன் சாட்சி செல்லாது என்று ரோபிளெஸ் சொல்வான். ஊரும் போயிருக்கும், நானும் போயிருப்பேன். இப்போது நானாவது இங்கே இருக்கிறேன். மேல்முறையீடு எழுதுகிறேன், நல்ல ஸ்பானிய மொழியில். இரண்டு மூன்று வருஷத்தில் ஏதாவது நடக்கலாம். என் பெண்கள் சின்னவர்கள் அக்கா. அவர்களுக்கு மலையேறத் தெரியாது, அம்மியில் அரைக்கவும் தெரியாது.

அன்று அந்தக் குவளையை வாங்கியிருந்தால் உடைந்திருப்பேன். அதனால்தான் வாங்கவில்லை. நீ அதைச் சொன்னபோது எனக்கு மறுபடியும் நான்கு வயது ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் அக்கா என்று வந்துவிடும் என்று பயந்து, மனப்பாடம் செய்தவன் போல மொழிபெயர்த்தேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை. அதுதான் என் தலைவிதி.

சான் லூக்காஸில் உனக்குக் கோயில் பக்கம் மனை ஒதுக்கச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கெல்லாம் ஓடைக்கரையில்தான். உனக்கு மேடான இடம், கிணறு பக்கம். லூக்காஸ் திருநாளுக்கு அங்கே வருகிறேன். எந்த வருஷம் என்று கேட்பாய். இந்த வருஷமே. பெண்களையும் கூட்டிவருகிறேன். எங்கே இருந்தால் என்ன, நீ இருக்கிற வீடு நம் வீடுதானே.

என்றும் உன் தம்பி
பல்தசார்

---

சான் லூக்காஸ், ஓடைக்கரை
புனித யோவான் திருநாள்

துபாஷி ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மழை தொடங்கிவிட்டதால் பதிலுக்குத் தாமதம்.

பெந்தகோஸ்தேக்கு முந்தின வாரம் ஆட்கள் வந்தார்கள். கூரைகளைப் பிரித்தார்கள். கற்றாழைகளை வேரோடு வெட்டினார்கள், உங்கள் பங்கில் இருந்தவற்றையும். பூக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வெட்டின இடத்தில் சாறு ஊறிக்கொண்டே இருந்தது. யாரும் அதைக் குடிக்கவில்லை. நெருப்பு வைத்தபோது நாங்கள் பாதி மலை இறங்கிவிட்டோம். நான் அடுப்புக்கல் மூன்றையும் முதுகில் கட்டிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் ஒதுக்கச் சொன்ன கோயில் பக்கத்து மனையைத் தோமாஸ் மாமாவுக்குக் கொடுத்துவிட்டேன். எல்லோரோடும் நான் ஓடைக்கரையில் இருக்கிறேன். வெள்ளம் வந்தால் எல்லோருக்கும் வரட்டும்.

நாங்கள் வந்து இறங்கிய அன்று சான் லூக்காஸ்காரர்கள் பூவோடு எதிரே வந்தார்கள். அவர்களுடைய பெரியவர், "களைச்சுப் போய் வந்திருக்கீங்க. இது உங்க வீடு, உங்க மண்ணு" என்று ஆரம்பித்தார். தோமாஸ் மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், அந்த மனிதர் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று பயந்து மன்னிப்புக் கேட்டார். மாமா அதிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. கஞ்சி கொண்டுபோனால் குடிக்கிறார்.

மேல்முறையீடு எழுத வேண்டாம். நீங்கள் எழுதுகிற நல்ல ஸ்பானிய மொழியில் எங்களுக்கு வேலையில்லை. உங்களிடம் நான் கேட்டது ஒரு வாக்கியம். அதற்கு எந்த மொழியானாலும் போதும் என்றிருந்தேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா என்ற சொல் ஒன்று தவறிவிட்டது.

இதைச் சொல்லச் சொல்ல எஸ்தேவான் எழுதாமல் நின்றுவிட்டான். "அக்கா, 'ஐயா'ன்னு வேணாம், தம்பின்னு எழுதட்டுமா? நம்ம பையன் அவன்" என்றான். அவர் அப்படித்தான் கூப்பிடச் சொன்னார் என்றேன். நெஞ்சு வலிக்கிறது. அதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறான்.

லூக்காஸ் திருநாளுக்கு வருவதாகச் சொல்கிறீர்கள். உங்கள் பெண்கள் எப்போது வந்தாலும் வரலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நான் மறக்கவில்லை, முழுதாகச் சொல்லுவேன், பாய் விரித்து உட்கார வைப்பேன். நீங்களும் வந்தால், நீங்களே சொல்லிக்கொடுத்த பேச்சு இருக்கிறது. கொல்லையில் நின்று நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கு நடுங்கியது போல எனக்கும் கால் நடுங்குகிறது. அதற்குள் பழகிவிடும். வாசலில் நின்று சொல்லப்போவதை இப்போதே எழுதிவிடுகிறேன், அங்கே வந்து திகைக்க வேண்டாம்.

"இது என் வீடு. உங்களது இல்ல. எதுக்கு வந்தீங்க?"

மென்சியா
மெத்லாபாக்காரி